சிறிய வளையம், சூடான இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

டேட்டா சென்டர்களில் செம்புக் கம்பியின் இடத்தை ஒளி பிடிக்கப்போவது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை, பாளையங்கோட்டையில் இருக்கும் அப்பா படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: "அப்போ இனிமே அங்க ஏசியே வேண்டாமா?" பெங்களூருவில் ஒளி மாடுலேட்டர்களை வடிவமைப்பதுதான் என் வேலை. அப்பாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். நல்ல கட்டுரைதான், "ஒளிச் சிப் சூடாகாது" என்ற வரி மட்டும் இடிக்கிறது.

லேசரிலிருந்து சீராக வரும் ஒளியில் தகவலை ஏற்றுவது மாடுலேட்டர். நெடுந்தூர ஃபைபர் இணைப்புகளில் லித்தியம் நியோபேட் படிகத்தால் ஆன மாடுலேட்டர்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. அருமையாக வேலை செய்யும், ஆனால் சில சென்டிமீட்டர் நீளம். மின்னழுத்தம் கொடுத்தாலே ஒளிவிலகல் எண் மாறும் குணம் அந்தப் படிகத்துக்கு உண்டு, சிலிக்கனுக்குக் கிடையாது. ஒளி போகும் பாதைக்குள் மின்னூட்டங்களை ஏற்றி இறக்கித்தான் ஒளிவிலகல் எண்ணை மாற்ற வேண்டும். எவ்வளவு மாறும் என்று 1987-இல் சோரெஃப், பென்னட் இருவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். மிகக் கொஞ்சம்தான் மாறும். அதனால் பாதையை மில்லிமீட்டர் கணக்கில் நீட்ட வேண்டியிருந்தது. 2004-இல் இன்டெல் 1 கிகாஹெர்ட்சைத் தாண்டிக் காட்டிய சிலிக்கன் மாடுலேட்டரும் அப்படி நீண்டதுதான்.

அடுத்த ஆண்டே கார்னெல் பல்கலைக்கழகத்தில் மிகல் லிப்சன் குழு, 12 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் அந்த வேலையைச் செய்துவிட்டது. ஒளி வளையத்துக்குள் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் குட்டிப் பாதையே போதும். தலைமுடியைவிடச் சிறியது என்று நீங்கள் எழுதியது சரி.

சரி, சிக்கல் எங்கே? வளையம் ஊஞ்சல் மாதிரி. தாளம் பொருந்தினால் சின்னத் தள்ளலுக்கே பெரிதாக ஆடும், ஆனால் ஆட ஆரம்பித்தால் நிற்க நேரம் எடுக்கும். இந்தத் தாளப் பொருத்தத்துக்கு ஒத்ததிர்வு என்று பெயர். அது கூர்மையாக இருந்தால் குறைந்த வோல்ட் போதும், வேகம் போய்விடும். நொடிக்கு 100 கிகாபிட் வேண்டுமென்றால் கூர்மையை வேண்டுமென்றே குறைக்கிறோம். 1310 நானோமீட்டர் ஒளியில் ஒத்ததிர்வின் அகலம் கால் நானோமீட்டர் அளவுக்கு இருக்கும்படி வரைவோம்.

அப்படி அகலமாக்கிய பிறகும் பாருங்கள்: வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒத்ததிர்வு சுமார் 0.07 நானோமீட்டர் நகரும். மூன்று நான்கு டிகிரியில் வளையம் லேசரை முழுதாக விட்டு விலகிவிடும். எங்கள் ஆய்வகத்தில் ஏசியின் கம்ப்ரசர் ஓடி நிற்பதையே திரையில் பார்க்கலாம். வளையத்தின் அகலம் தயாரிப்பில் ஒரு நானோமீட்டர் பிசகினாலும் அலைநீளம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தள்ளிப்போகும். இதையெல்லாம் சரிக்கட்ட ஒவ்வொரு வளையத்தின் மேலும் ஒரு ஹீட்டர் வைக்கிறோம். ஹீட்டரால் சூடாக்க மட்டுமே முடியும், குளிர்விக்க முடியாது. ஆகவே வளையத்தை எப்போதும் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். தகவல் ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். (ஃபெம்டோ என்றால் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு.) 20 ஃபெம்டோஃபாரட் மின்தேக்குத்திறனுள்ள வளையத்தை 2 வோல்ட்டில் இயக்கினால் பிட்டுக்குச் சராசரியாக 20 ஃபெம்டோஜூல் ஆகும். ஹீட்டர் 5 மில்லிவாட் எடுத்தால், 100 கிகாபிட் வேகத்தில் அதற்கு மட்டும் பிட்டுக்கு 50 ஃபெம்டோஜூல். வேலைக்காரனைவிட அவனுக்குக் காய்ச்சும் அடுப்புக்குச் செலவு அதிகம்!

இருந்தும் நான் வளையத்தின் கட்சிதான். டேட்டா சென்டரில் தகவலைப் பிரித்து அனுப்பும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். இப்போது அதில் செருகும், மின் சிக்னலை ஒளியாக்கும் 800 கிகாபிட் மாட்யூல் ஒன்று 15 வாட் எடுத்தால், பிட்டுக்கு ஏறத்தாழ 19,000 ஃபெம்டோஜூல் ஆகிறது. அதில் பெரும்பங்கை, செம்புத் தடத்தில் சிதைந்து வரும் சிக்னலைச் சரிசெய்யும் சிப்பே விழுங்கிவிடுகிறது. மாடுலேட்டர் சிறிதானால் அதைச் சுவிட்ச் சிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைக்கலாம். செம்புத் தடமும் அந்தச் செலவும் சுருங்கும். உண்மையான லாபம் இதுதான். 2025 மார்ச்சில் என்விடியா அறிவித்த சுவிட்சுகளில் வளைய மாடுலேட்டர்கள் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான்.

ஆனால் அந்த இடம்தான் பெட்டிக்குள்ளேயே சூடான இடம். சுவிட்சில் போக்குவரத்து கூடும்போது வெப்பம் ஏறும், குறையும்போது இறங்கும். இரண்டுக்கும் ஈடுகொடுத்து ஹீட்டர் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். வளையத்தை வரைவது பெரிய பாடில்லை, எங்கள் நேரம் போவது இந்தத் துரத்தலைக் கட்டுப்படுத்தும் சுற்றில்தான். அப்பாவிடம், "ஏசி இருக்கும்ப்பா, கரண்டு பில்தான் குறையும்" என்றேன்.

ஒரு வேண்டுகோள். ஏதாவது நிறுவனம் "பிட்டுக்கு இத்தனை ஃபெம்டோஜூல்தான்" என்று உங்கள் நிருபரிடம் சொன்னால், அந்த எண்ணில் ஹீட்டர், கட்டுப்பாட்டுச் சுற்று, வெளியே தனியாக உட்கார்ந்திருக்கும் லேசர் மூன்றும் சேர்த்தியா என்று கேட்டு, அந்தப் பதிலையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
பெங்களூரு