ஓடாத படங்களின் முழுப் பிரதியைத் தொலைத்துவிடாதீர்கள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும், பழைய படங்களின் உரிமையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

2010 பொங்கலன்று ‘ஆயிரத்தில் ஒருவன்’ பார்க்க எங்கள் ஊர் அரங்குக்குப் போயிருந்தேன். இடைவேளைக்குப் பிறகு, பஞ்சத்தில் அடிபட்ட சோழர்கள் பழந்தமிழ் பேசத் தொடங்கியதும் முன்வரிசைக் குடும்பம் எழுந்து போய்விட்டது. பின்னால் யாரோ உரக்கச் சிரித்தார்கள். நானோ இருக்கை நுனிக்கு வந்திருந்தேன். பாலை மணலில் நடராசர் வடிவில் நிழல் விழுகிறது. அந்த நிழலுக்குள்ளேயே ஓடியாக வேண்டும், வெளியே கால் வைத்தால் மண் விழுங்கிவிடும். இப்படி ஒரு காட்சியை எந்த வெளிநாட்டுப் படத்திலிருந்தும் எடுத்திருக்க முடியாது. அது நம் மண்ணில் முளைத்த கற்பனை.

நான்கு நாள் கழித்துத் தம்பியை அழைத்துக்கொண்டு மறுபடியும் போனேன். முதல் நாள் பார்த்த சில காட்சிகளைக் காணவில்லை. ஆபரேட்டரிடம் கேட்டேன். “படம் நீளம் என்று ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள் தம்பி, அதனால் எடுத்துவிட்டோம்” என்றார். எடுத்த துண்டு எங்கே போனது என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

அதே படம் 2021 டிசம்பர் 31 அன்று மீண்டும் திரைக்கு வந்தது. முதல் வெளியீட்டின்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கக்கூடிய பிள்ளைகள் அரங்கை நிறைத்திருந்தார்கள். ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சிரிப்பு எழுந்த அதே பழந்தமிழ் வசனங்களை அவர்கள் மனப்பாடமாகக் கூடவே சொன்னார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இத்தனைக்கும் அந்தப் படத்தின் மீது விழுந்த ‘ஓடாத படம்’ என்ற முத்திரையே சரியில்லாதது. உண்மையில் ஆன செலவு 18 கோடிதான் என்றும், பெரிய படம் என்ற பேச்சு கிளம்ப வேண்டும் என்பதற்காக 32 கோடி என்று அறிவித்துவிட்டோம் என்றும் படத்தை இயக்கிய செல்வராகவனே 2021இல் வெளிப்படையாக எழுதினார். செலவழித்த அளவுக்கு வசூலான பிறகும் அது சுமாரான படம் என்றே பெயர் வாங்கியது. யாருமே செலவழிக்காத 14 கோடியை மீட்டுத் தரவில்லை என்று ஒரு படத்தின் மீது பழி போட்டிருக்கிறோம். அறிவியல் புனைவும் மாயக் கதையும் தமிழில் ஓடாது என்று பேசுவதற்கு இப்படிப்பட்ட கணக்குகளைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

ஜெர்மனியில் நடந்ததைக் கேளுங்கள். பிரிட்ஸ் லாங் இயக்கிய ‘மெட்ரோபோலிஸ்’ என்ற அறிவியல் புனைவுப் படம் 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியானது. அதைத் தயாரித்த உஃபா நிறுவனம் சுமார் 50 லட்சம் மார்க் செலவழித்திருந்தது. படம் ஓடவில்லை. நிறுவனமே கைமாறும் நிலைக்கு வந்தது. இரண்டரை மணி நேரப் படத்தில் ஏறத்தாழ கால் பங்கை வெட்டித் திரும்ப வெளியிட்டார்கள். வெட்டிய பகுதி எண்பது ஆண்டுகள் கண்ணில் படவே இல்லை.

அது கிடைத்த விதம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அர்ஜென்டினாவின் விநியோகஸ்தர் ஒருவர், வெட்டுவதற்கு முந்தைய பிரதியை ஊருக்குக் கொண்டுபோயிருந்தார். அது பல கை மாறியது. அந்தப் படத்தை ஓட்டும்போது சுருள் ஆடாமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன் என்று அந்த நாட்டின் திரைப்படக் கழகத்துக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். பெர்னாண்டோ பெனா என்ற ஆய்வாளரின் காதில் அது விழுந்தது. உலகம் அறிந்த ‘மெட்ரோபோலிஸ்’ அவ்வளவு நேரம் ஓடாதே என்று அவர் யோசித்தார். 2008இல் புவெனஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் அந்தச் சுருள்கள் கிடைத்தன. 16 மில்லிமீட்டர் அகலப் பிலிமுக்குச் சுருக்கி எடுத்த பிரதி, திரை முழுக்க மழைபோல் கீறல்கள். ஆனாலும் சுமார் 25 நிமிடக் காட்சிகள் உயிர் பெற்றன. ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளியான பொங்கலுக்கு அடுத்த மாதம் அதைப் பெர்லினில் திரையிட்டார்கள்.

நம்மை இப்படி ஒரு விரல் காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. எத்தனையோ படங்களின் சுருள்களை அவற்றிலுள்ள வெள்ளியை எடுப்பதற்காக எடைக்குப் போட்டார்கள். ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவர் போன ஆண்டு தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகர டின்னை இறக்கிக் காட்டினார். மூடியைத் திறந்ததும் புளித்த காடி நெடி மூக்கில் ஏறியது. பிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டிருந்தது. என்ன படம் என்று அவருக்கும் நினைவில்லை. மேலே ஒட்டிய காகிதத்தைக் கரையான் தின்றிருந்தது.

வெற்றிப் படங்களுக்குத் தொலைக்காட்சி உண்டு, புதுப்பித்து வெளியிட ஆள் உண்டு. ஓடாத படத்துக்கு உங்களை விட்டால் நாதி இல்லை. முதல் நாள் முதல் காட்சிக்கு அனுப்பிய முழு நீளப் பிரதியை, அதன் நெகட்டிவை, வெட்டிய காட்சிகளை, வரைகலைக் கோப்புகளைத் தேடி எடுங்கள். லேப் மூடப்பட்டிருந்தால் அதன் சரக்கு எங்கே போனது என்று விசாரியுங்கள். 2010க்குப் பிந்தைய படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன என்று எண்ணாதீர்கள், வருடக்கணக்கில் சும்மா கிடந்த டிஸ்க் ஒரு நாள் ஓடாமல் போகும். ஒரு பிரதியைப் புணேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். அதுவரை டின்னின் மீது படத்தின் பெயரையும் ரீல் எண்ணையும் அழியாத மையால் எழுதிவையுங்கள். காகிதத்தில் எழுதி ஒட்ட வேண்டாம், தகரத்தின் மீதே எழுதுங்கள்.

இப்படிக்கு,
முதல் நாள் முழுப் படத்தையும் பார்த்த ஒரு ரசிகன்