பத்ரியன் தெரு அக்காவுக்கு

சென்னையில் பூக்கடைப் பக்கம், பத்ரியன் தெருவில் மாலை கட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு இந்த நன்றி. பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

போன ஞாயிறு, காலை ஆறரை மணி. தெருவில் நடப்பதைப் படமெடுக்க வந்திருந்தேன். 35 மி.மீ. லென்ஸ், அதன் திறப்பு எஃப் 8, குவியம் 3 மீட்டர் தூரத்தில். இப்படி வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகாமலே எடுக்கலாம். அந்த வசதிதான் வம்பாயிற்று. தள்ளுவண்டியில் உறங்கிய பெரியவரை எடுத்தேன். அவருடைய மகன் பார்த்துவிட்டார். கேமராப் பட்டை அவர் கையில், கழுத்து மட்டும் என்னுடையது.

பூ கட்டும் நாரைப் பல்லில் கடித்தபடியே எழுந்து வந்தீர்கள். "தூங்குகிற மனிதரைக் கேட்காமல் எடுக்கலாமா, தம்பி?" என்றீர்கள். மகனிடம், "விடப்பா, அழித்துவிடுவான்." அழித்தேன்.

பெர்லினில் நடந்தபோது ஒவ்வொரு முகத்துக்கும் தயங்கியவன் நான். சம்மதமின்றி ஒருவர் படத்தை வெளியிடுவதை, சில விலக்குகள் தவிர, ஜெர்மனியின் 1907ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. சொந்த ஊரில் மட்டும் அந்தத் தயக்கம் எங்கே போயிற்றோ!

பிறகு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். பெரியவர் விழித்ததும் நீங்களே பேசி நிற்கவைத்தீர்கள். அவர் தலையை வாரிக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். படத்தில் விறைப்பாக நேரே பார்க்கிறார். நிற்கவைத்து எடுத்த படம் என்பதால் தெருப் புகைப்படக்காரர்கள் இதைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது.

வரும் ஞாயிறு இரண்டு பிரதிகளோடு வருகிறேன். ஒன்று உங்களுக்கு. ஓரத்தில், நாரும் கையுமாக நீங்களும் விழுந்திருக்கிறீர்கள்.