எட்டு வருஷம் கழித்து அந்த டேப்பைப் படிக்க டிரைவ் இருக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்ப்யூட்டர் கோப்புகளைக் காந்த நாடாவில் பிரதி எடுத்து வைக்கும் டேப் பேக்கப் எல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம், இனி எல்லாவற்றையும் இன்டர்நெட் வழியாகக் கிளவுடில் போட்டுவிட்டால் போதும் என்று சிறு தொழில் நடத்துகிறவர்களுக்குச் சொன்ன கட்டுரையை உங்கள் நாளிதழில் படித்தேன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 2004 முதல் சிஸ்டம் வேலையைப் பார்த்து வருகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக டேப்போடு புழங்கியவள் என்பதால் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் சேர்ந்தபோது சர்வரில் டி.டி.எஸ்-4 என்ற ரகத்து டிரைவ், அதாவது டேப்பில் எழுதிப் படிக்கும் கருவி, ஒன்று இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட், உள்ளே 4 மில்லிமீட்டர் டேப். அட்டையில் 40 ஜி.பி. என்று போட்டிருக்கும். உண்மையில் பிடிப்பது 20 தான். மீதி, அமுக்கி எழுதினால் கிடைக்கக்கூடிய கணக்கு. எங்கள் டிசைன் படங்கள் ஏற்கெனவே அமுக்கப்பட்ட ஜேபெக் கோப்புகள், அவற்றை இன்னும் அமுக்க வழியில்லை. அதனால் ஒரு டேப்பில் முடியும் என்று நினைத்த பேக்கப் தினமும் இரண்டு டேப் கேட்டது. "லைட் மினுக்கினா அடுத்ததைப் போட்டுரு கண்ணு" என்று நைட் ஷிப்ட் பையனிடம் சொல்லிவிட்டுத்தான் அவிநாசி பஸ் ஏறுவேன்.

2012-ல் பழைய பையர் ஒருவர், 2006-ல் நாங்கள் செய்துகொடுத்த ஆர்டரைத் திரும்பக் கேட்டார். அதே நிறம் வேண்டும் என்றார். அந்த ஷேடுக்கான சாயக் கலவைக் கணக்கு, லேப் டிப் என்கிற சோதனைச் சாயத் துண்டுகளின் விவரம் எல்லாம் டேப்பில்தான் இருந்தன. எங்கள் டிரைவோ அதற்கு ஒரு வருஷம் முன்பே உயிரை விட்டிருந்தது. கோவையில் கடை கடையாக ஏறி இறங்கி அதே ரகத்தில் ஒரு பழைய டிரைவைப் பிடித்து வந்தேன். 11 டேப்பைப் போட்டுப் பார்த்ததில் 3 தான் படித்தது.

டேப் கெட்டுப்போகவில்லை. இந்த ரக டிரைவில், வீடியோ கேசட்டில் இருப்பதுபோல, ஹெட் ஓர் உருளையில் சுழன்றபடி டேப்பில் சாய்கோடுகளாக எழுதும். எங்கள் டிரைவின் ஹெட் வருஷக்கணக்கில் துளித்துளியாக இடம் பிசகியிருக்கிறது. தான் எழுதியதைத் தானே படித்துக்கொண்டதால் எங்களுக்குத் தெரியவில்லை. வேறு டிரைவால் அந்தக் கோடுகளைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் டையிங் மாஸ்டர் ஒரு பழைய சாம்பிள் துணியை வைத்துக்கொண்டு அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த வருஷம் புது டிரைவ் வாங்க முதலாளி சம்மதித்தபோது, "எத்தனை ஜி.பி.?" என்று நான் கேட்கவில்லை. இந்த டேப்பை வேறு டிரைவ் படிக்குமா, எத்தனை வருஷத்துக்குப் படிக்கும் என்பதைத்தான் கேட்டேன். எல்.டி.ஓ. முறைக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். ஐ.பி.எம்., ஹெச்.பி., சீகேட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த பொது முறை அது. முதல் தலைமுறை 2000-ல் வந்தது. ஒரே நிறுவனத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், டேப் தயாராகும்போதே அதில் வழிகாட்டிக் கோடுகளை எழுதிவிடுகிறார்கள். ஹெட் அந்தக் கோட்டைப் பார்த்தே போகும். எங்கள் பழைய டிரைவுக்கு நடந்த பிசகு இதில் நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1.5 டெராபைட் பிடிக்கும் எல்.டி.ஓ-5 வாங்கினோம்.

2022-ல் அதை மாற்ற வேண்டி வந்தபோது ஒரு கடைக்காரர் எல்.டி.ஓ-8-க்கு கொட்டேஷன் கொடுத்தார். 12 டெராபைட், நல்ல டிரைவ்தான். ஆனால் எங்கள் அலமாரியில் 64 எல்.டி.ஓ-5 டேப் இருந்தன. ஏழாம் தலைமுறை வரைக்கும் ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்பையும் படித்தது. எட்டாம் தலைமுறை டிரைவ், பழையதில் ஏழாம் தலைமுறை டேப்பை மட்டும்தான் படிக்கும். ஒன்பது, எட்டை மட்டும். இப்போது வந்திருக்கும் பத்து, பழையது எதையும் படிக்காது. கொட்டேஷனில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நாங்கள் எல்.டி.ஓ-7 எடுத்தோம். 6 டெராபைட் என்பதால் பழைய டேப் நான்கு ஒன்றில் அடங்கியது. சனிக்கிழமைக்கு இரண்டாக 64 டேப்பையும் 16-க்கு மாற்றி முடிக்க எட்டு மாதம் ஆனது. இனி எல்.டி.ஓ-8 வாங்கினாலும் அந்த 16 டேப்பையும் படித்துவிடலாம்.

வேகத்தையும் பார்த்து வாங்க வேண்டும். எல்.டி.ஓ-7 நொடிக்கு 300 எம்.பி. எழுதும். எங்கள் கிகாபிட் நெட்வொர்க்கில் 110-க்கு மேல் வராது. வேண்டிய வேகத்தில் டேட்டா வராவிட்டால் டேப் நின்று, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி ஓடும். தறியில் நூல் அறுந்து அறுந்து நிற்பதுபோல. டேப்பும் தேயும், ஹெட்டும் தேயும். அதனால் முதலில் சர்வரிலேயே உள்ள டிஸ்குக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் டேப்பில் எழுதுகிறோம். நிட்டிங் ஹாலுக்குப் பக்கத்து அறையில் டிரைவை வைக்கவே வைக்காதீர்கள். பஞ்சுத் தூசி ஹெட்டில் போய் ஒட்டும். நாங்கள் மாடிக்கு மாற்றிய பிறகு கிளீனிங் கேசட் போடுவதே குறைந்துவிட்டது.

கிளவுட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாங்களும் வைத்திருக்கிறோம். ஆனால் எங்களுக்குத் தெரிந்த ஒரு சாயப்பட்டறையில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வைரஸ் புகுந்தபோது சர்வர் பூட்டிக்கொண்டது, பேக்கப் டிஸ்கும் பூட்டிக்கொண்டது. இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. கிளவுடில் இருந்த போல்டரும் தானாகவே ஒத்திசைந்து, பூட்டிய கோப்புகளால் நிரம்பியது. டிரைவிலிருந்து எடுத்து பேங்க் லாக்கரில் வைத்த டேப்பை எந்த வைரஸும் தொட முடியாது. 2011 பிப்ரவரியில் மென்பொருள் கோளாறால் ஜிமெயிலில் சிலருடைய மெயில்கள் காணாமல் போனபோது, பல இடங்களில் பிரதி வைத்திருந்த கூகுளே கடைசியில் டேப்பிலிருந்துதான் அவற்றை மீட்டது.

எல்லாருக்கும் டேப் தேவை என்பதும் இல்லை. டிரைவ் லட்சக்கணக்கில் ஆகும். ஓரிரண்டு டெராபைட்டுக்குள் முடிகிற சின்ன யூனிட் மூன்று வெளி ஹார்டு டிஸ்கை மாற்றி மாற்றிக் கழற்றி வைத்தாலே போதும். அதற்கு மேல் போகிறவர்கள்தான் டேப்பை யோசிக்க வேண்டும். கம்பெனிகள் சட்டம், 2013 கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைத்திருக்கச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. கணக்கை, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 30 வருஷம் தாங்கும் என்று விற்கிற டேப்பும், படிக்க டிரைவ் இல்லாவிட்டால் சும்மா பிளாஸ்டிக் டப்பாதான். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பழைய டேப்பை எடுத்து, நாலு கோப்பை மீட்டு, திறந்து பாருங்கள். 2012-க்கு முன்னால் நான் ஒருமுறைகூட வேறு டிரைவில் போட்டு அப்படிச் செய்து பார்க்கவில்லை.

உங்கள் நாளிதழ் வழியாக எங்கள் ஊர்த் தொழில் சங்கங்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். தனித்தனியாகச் செலவு தாங்காத சாயப்பட்டறைகள் ஒன்று சேர்ந்து கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வைத்த ஊர் இது. அதுபோல எல்.டி.ஓ-5, 6, 7 டேப்புகளைப் படிக்கிற டிரைவ் ஒன்றை, பழைய டி.டி.எஸ். டிரைவ் ஒன்றோடு, சங்கக் கட்டடத்தில் ஓர் ஏ.சி. அறையில் வைக்கலாம். அலமாரியில் படிக்க வழியில்லாத டேப்போடு உட்கார்ந்திருக்கும் கம்பெனிகள் கட்டணம் கட்டிப் பயன்படுத்திக்கொள்ளும். அப்படி ஒன்று வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த டிரைவைப் பார்த்துக்கொள்ள நான் வருகிறேன். எங்கள் கம்பெனியின் அந்த 8 டேப்பும் இன்னும் என் மேஜையில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
பனியன் கம்பெனி சிஸ்டம் பொறுப்பாளர்,
அவிநாசி.