பருந்துக் கல் கண்காட்சிக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

பினாங்கு, பட்டர்வொர்த் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் நம் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நடந்த சிறு கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் எதிரியைக் கண்ணால் பார்க்காமலே இறந்த விமானிகளைப் பற்றியது அது. பயிற்சிப் பறப்பில் விழுந்தவர்கள், விமானத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் வழியில் காணாமல் போனவர்கள். "இதை ஏன் டீச்சர் எடுத்தீர்கள்?" என்று வந்தவர்களில் பாதிப் பேராவது கேட்டிருப்பார்கள். அந்தக் காரணத்தை முதலில் சொல்லிவிட்டு நன்றிக்கு வருகிறேன்.

என் அப்பா தைப்பிங் போர்க் கல்லறையில் தோட்டக்காரராக இருந்தார். புக்கிட் லாருட் மலைக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் அந்தக் கல்லறை இருக்கிறது. 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களில் 500க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் தெரியாது. தைப்பிங் மழையைச் சொல்ல வேண்டாம், இரண்டு வாரம் விட்டால் கல்லில் பாசி பச்சை பிடித்துவிடும். அப்பா ஒரு வாளி தண்ணீரும் நார் பிரஷும் எடுத்துக்கொண்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் பிரஷை நுழைத்துத் தேய்ப்பார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கல்லில் செதுக்கிய சின்னத்தை வைத்துத்தான் யார் என்று சொல்வார். கிரீடத்துக்குக் கீழே சிறகு விரித்த பறவை இருந்தால் விமானப்படை. அவர் பேச்சில் அது பருந்துக் கல்.

அங்கே ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற விமானியின் கல்லும் இருக்கிறது. 1941 டிசம்பர் 9ஆம் தேதி, பட்டர்வொர்த் தளத்தின்மேல் ஜப்பானியர் குண்டு போட்டபோது, மற்ற விமானங்கள் இல்லாமல் தன் பிளெனிம் குண்டுவீச்சு விமானம் மட்டுமே கிளம்பிப் போய், தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்கிவிட்டு, குண்டடி பட்ட உடம்போடு அலோர் ஸ்டாரில் இறங்கி உயிர் விட்டவர். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர் என்பதால் வெளிநாட்டுக்காரர்கள் அவர் கல்லைத் தேடி வருவார்கள், பூ வைப்பார்கள். அது நியாயம்தான். ஆனால் பள்ளி விடுமுறையில் நான் கூடப் போன ஒரு நாள் அப்பா சொன்னது இது: "பழகும்போது விழுந்து செத்தவனும் இதே சட்டையத்தான் போட்டிருந்தான்னு பெரிய துரை சொன்னார் பாப்பா. அவன யாரும் தேடி வரமாட்டாங்க." அப்பா போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. அதனால்தான் இந்தக் கண்காட்சி.

முதல் நன்றி தலைமையாசிரியர் அம்மாவுக்கு. தருகிறோம் என்று சொன்ன வேறொரு மண்டபம் கடைசி வாரத்தில் இல்லை என்றுவிட்டது. நான் தயங்கித் தயங்கிப் போய் நின்றபோது, "பிள்ளைகளும் பார்க்கலாமா டீச்சர்?" என்று மட்டும்தான் அவர் கேட்டார். சாவி கைக்கு வந்துவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துத் தம்பிகள் வெள்ளி இரவு பதினொரு மணி வரை நின்று பலகைகளைக் கட்டினார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு மறுநாள் காலை வேலை இருந்தது எனக்குத் தெரியும்.

விமானப்படையில் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்ற பட்டர்வொர்த் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நான் எழுதிய ஒவ்வொரு பலகையையும் சிவப்புப் பேனாவோடு படித்துத் திருத்தினார். பிள்ளைகளுக்கு அவர் விளக்கிய விதத்தை நான் மறக்கமாட்டேன். "பெர்ரி பறப்பு" என்று பலகையில் பார்த்த ஒரு சின்னப் பையன், விமானம் பெர்ரியில் ஏறிப் போகுமா என்று கேட்டான். அண்ணன் கடல் பக்கம் கையைக் காட்டினார். "நம்ம பெர்ரி என்ன பண்ணுது? இந்தக் கரையில ஏத்தி அந்தக் கரையில விடுது. அது மாதிரி, தொழிற்சாலையில செஞ்ச விமானத்த யாராவது ஓட்டிக்கிட்டுப் போய்ப் படைகிட்ட விடணும். குண்டு கிடையாது, சண்டை கிடையாது. வழி, வானிலை, எண்ணெய், இந்த மூணுதான் எதிரி." சரி, இதைவிடத் தெளிவாக நான் எந்தப் பலகையிலும் எழுதவில்லை.

அந்த மூன்று எதிரியும் ஒன்றாகச் சேர்ந்த கதையைத்தான் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு பார்த்தார்கள். 1942 ஜூலை 15 அன்று, இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பி-17 குண்டுவீச்சு விமானங்கள், ஆறு பி-38 சண்டை விமானங்கள் என எட்டு அமெரிக்க விமானங்கள் மோசமான வானிலையில் சிக்கி, எண்ணெய் தீர்ந்து, கிரீன்லாந்துப் பனிமேல் இறங்கின. 25 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். விமானங்களைப் பனி மூடிக்கொண்டது. அவற்றில் ஒன்றை 1992இல் வெளியே எடுத்தபோது அது சுமார் 80 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. நம் பள்ளிக் கொடிக்கம்பம் எத்தனை சேர்ந்தால் அந்த ஆழம் வரும் என்று பிள்ளைகள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லாக் கதையும் அப்படி நல்லபடியாக முடியவில்லை. நமக்குப் பக்கத்திலேயே, பர்மாவின் தவுங்கூவில், "பறக்கும் புலிகள்" என்று பெயர் வாங்கிய அமெரிக்கத் தொண்டர் படை பயிற்சி எடுத்தது. முதல் சண்டைக்குப் போகும் முன்பே அந்தப் படையில் மூன்று விமானிகள் பயிற்சியில் இறந்துவிட்டார்கள். முதலாமவர் இறந்தது சக விமானியின் விமானத்தோடு வானத்தில் மோதி. அப்புறம் 1941 டிசம்பர் 23 அன்று மூன்று சிறு விமானங்களைச் சீனாவின் குன்மிங்குக்குக் கொண்டு போனார்கள். எண்ணெய் சரியில்லை, இயந்திரம் தடுமாறியது, கீழே முழுக்க மலை. மூன்றில் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. ஒரு விமானி இறந்தார்.

ஏமி ஜான்சன் பலகையைச் சத்தமாக வாசித்துக் காட்டிய ஐந்தாம் ஆண்டு மாணவிக்கு என் தனி நன்றி. 1930இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த பெண் அவர். வழியில் சிங்கப்பூரிலும் இறங்கியவர். போர் வந்ததும் விமானங்களைக் கொண்டு சேர்க்கும் துணைப்படையில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5 அன்று ஒரு ஆக்ஸ்ஃபர்ட் பயிற்சி விமானத்தை ஓட்டிப் போனபோது, மோசமான வானிலையில் வழி தவறி, தேம்ஸ் நதி கடலில் சேரும் இடத்தில் விழுந்தார். அவரைக் காப்பாற்ற அந்தக் குளிர் நீரில் குதித்த கப்பல் தலைவரும் பிழைக்கவில்லை. ஏமியின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை இந்த வரிக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

அட்டையிலும் மூங்கில் குச்சியிலும் பஃபலோ விமானம் செய்த மூன்று இடைநிலைப் பள்ளி மாணவர்களே, உங்கள் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். பீப்பாய் மாதிரி உருண்ட அந்த உடம்பு அப்படியே வந்திருந்தது. 1941இல் மலாயாவைக் காக்க வந்த விமானம் அதுதான். பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து சிங்கப்பூரில் பூட்டப்பட்டது. பல விமானங்களில் இருந்தவை ஏற்கெனவே பயணிகள் விமானத்தில் ஓடித் தேய்ந்த பழைய இயந்திரங்கள். அவை நம் ஊர் வெயிலில் சூடேறித் திணறின. ஓட்டியவர்களில் பலர் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேரே வந்த இளைஞர்கள். நல்லதெல்லாம் வேறு முனைக்குப் போய்விட, மிச்சம் மீதியை வைத்துக்கொண்டு பழகச் சொன்னால் பழகுகிறவன் என்ன செய்வான்? எனக்கு அதில் இன்னும் ஆற்றாமை தீரவில்லை.

ஆஸ்திரேலியாவின் கிழக்கு சேல் தளத்துக் கதையும் அப்படித்தான். அங்கே போஃபோர்ட் விமானங்கள் பயிற்சியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகுப்புற விழுந்தன. கடைசியில் வாலில் இருந்த ஒரு சிறு இயக்கியில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பலகையின் முன் பட்டர்வொர்த் அண்ணன் வெகுநேரம் நின்றார். பிறகு, "விமானத்துல சின்ன சாமான்னு ஒண்ணு கிடையாதும்மா," என்றார்.

ஜோர்ஜ் டவுன் லிட்டில் இந்தியா அச்சகத்து முதலாளி பாதி விலைக்குத்தான் அடித்துக் கொடுத்தார். அமெரிக்கா தன் சொந்த மண்ணில், பயிற்சியிலும் மற்ற பறப்புகளிலும் மட்டும் அந்தப் போரில் சுமார் 15,000 விமானப்படை வீரர்களை இழந்தது. அந்த எண்ணை நான் சிறிய எழுத்தில்தான் கேட்டிருந்தேன். "இதையா சின்னதா போடறது?" என்று அவரே தனிப் பலகையாக அடித்துவிட்டார், அதற்குக் காசும் வாங்கவில்லை. வந்தவர்கள் அதிகம் படம் எடுத்தது அந்தப் பலகையைத்தான்.

பெர்முடா முக்கோணத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்ட இளைஞருக்கு அங்கேயே பதில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். 1945 டிசம்பர் 5 அன்று பயிற்சிக்குப் போன ஐந்து அவெஞ்சர் விமானங்களில் 14 பேர் இருந்தார்கள். அவர்களைத் தேடப் போன கடல்விமானத்தில் 13 பேர். யாரும் திரும்பவில்லை. பயிற்சிக்குப் போனவர்கள் திசை தவறி, இருட்டி, எண்ணெய் தீரும்வரை கடல்மேல் பறந்திருக்கிறார்கள். அந்த 27 பேரைப் பேய்க்கதை ஆக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு நாளும் வடையும் சுண்டலும் செய்து கொடுத்த மாதர் குழு அக்காமார்களுக்கும், புரொஜெக்டரைத் தந்துவிட்டுத் தானும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்த பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவருக்கும், பலகைகளைத் தன் லோரியில் பாலம் தாண்டி ஏற்றி இறக்கி, டோல் காசுகூட வாங்க மறுத்த பிறைத் தம்பிக்கும் நன்றி. பலகைகள் இப்போது பள்ளி நூல்நிலையத்தில் இருக்கின்றன. வேறு பள்ளிகள் கேட்டால் கொடுக்கலாம் என்று தலைமையாசிரியர் அம்மா சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஒருவர். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் நார் பிரஷை வாசல் மேசையில் வைத்திருந்தேன். ஞாயிறு சாயங்காலம் பார்த்தால் காணவில்லை. சத்தியமாக அழுதுவிட்டேன். திங்கள் காலை அது பள்ளி அலுவலகத்தில் ஒரு செய்தித்தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பிரித்துப் பார்த்தேன். பிளந்திருந்த கைப்பிடியை யாரோ மெல்லிய செம்புக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, கம்பியின் முனை கையைக் குத்தாதபடி உள்ளே மடித்துவிட்டிருந்தார்கள். இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஐயாவோ அம்மாவோ, உங்களுக்கு என் நன்றி. அடுத்த மாதம் தைப்பிங் போகிறேன். பிரஷையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
ஜோர்ஜ் டவுன், பினாங்கு