ஹார்லிக்ஸ் புட்டியில் இருக்கும் பாசிமணிகள்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, அரியாங்குப்பத்தில் நம் அடுத்த தெருத் திருமண மண்டபத்தில், பழங்காலத்தில் ரோமானியரோடு வாணிகம் நடந்த துறைமுகமான அரிக்கமேட்டைப் பற்றி ஒரு சொற்பொழிவு நடந்தது. பேசியவர் கல்லூரியில் தொல்லியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். நாற்பது ஆண்டுகளாக இந்த ஊரில் வாழும் நான், நடந்து போகும் தொலைவில் இருக்கும் அந்த மேட்டின் கதையைத் தமிழில் முழுமையாகக் கேட்டது இதுவே முதல் முறை. நகரத்து அரங்குகளில் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இவை பேசப்பட்டிருக்கும். ஆனால் காக்காயன்தோப்பிலிருந்தும் வீராம்பட்டினத்திலிருந்தும் வந்த பெண்கள் கடைசி வரை எழுந்திருக்காமல் கேட்டதைப் பார்த்தபோது, இந்தப் பேச்சு இங்கே நடக்க இத்தனை காலம் ஆகியிருக்க வேண்டாமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

1930-களில் புதுச்சேரியில் இருந்த ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர், நம் ஊர்ச் சிறுவர்களிடமிருந்து விலைக்கு வாங்கியும் தாமே பொறுக்கியும் மணிகளையும் கற்களையும் சேர்த்தாராம். அவற்றில் ஒரு கல்லில் செதுக்கியிருந்த தலை ரோமப் பேரரசர் அகஸ்டஸுடையது என்று அவர் கருதினார். சிறுவர்கள் என்று பேச்சாளர் சொன்னவுடனே எனக்கு உன் நினைவுதான் வந்தது. மழை விட்ட மறுநாள் ஆற்றங்கரைச் சரிவில் நீ பொறுக்கிவந்த பாசிமணிகள் இன்னும் சமையலறை மேல்தட்டில் ஹார்லிக்ஸ் புட்டியில் இருக்கின்றன. அன்று இரவே எடுத்து எண்ணினேன், 37 இருந்தன. பெரும்பாலும் செங்கல் நிறம், சில கறுப்பு, இரண்டு மட்டும் பச்சை.

அந்த மணிகளைச் செய்த விதத்தை அவர் விளக்கியதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். உருக்கிய கண்ணாடியை உள்ளே துளை இருக்கும்படி நீண்ட குழாயாக இழுத்து, ஆறிய பின் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, துளை அடைபட்டுவிடாமல் இருக்கச் சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடாக்கிக் கிளறினால் கூரான ஓரங்கள் மழுங்கி மணியாகிவிடுமாம். ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக் காலம் வரை இதே முறையில் செய்திருக்கிறார்கள். பினாங்கில் இருக்கும் உனக்கு இன்னொரு செய்தி: இந்த வகை மணிகள் செய்யப்பட்ட இடங்களில் ஒன்று, உனக்கு மிக அருகில் கெடாவில் உள்ள சுங்கை மாஸ். நம் பழைய நூல்களும் கல்வெட்டுகளும் கடாரம் என்று சொல்வது அந்தப் பக்கத்தைத்தான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் இங்கே அகழாய்வு செய்தபோது, இத்தாலியில் அரெட்சோவில் செய்யப்பட்ட சிவந்த மட்பாண்டத்தின் ஓடுகள் கிடைத்தன. அந்தப் பாண்டம் எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பது ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்ததால், அதே மண்ணடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. அந்தப் பானைகளைக் கொண்டு தென்னிந்தியாவின் மற்ற ஊர்களுக்கும் காலம் கணிக்க முடிந்தது. ஓர் ஓடு எதனோடு, எந்த அடுக்கில் கிடந்தது என்பதில்தான் அத்தனையும் அடங்கியிருக்கிறது. ரோமானியர் வருவதற்கு முன்பே இங்கே மக்கள் குடியிருந்தார்கள் என்று, 1989 முதல் 1992 வரை அகழ்ந்த விமலா பெக்லியால் உறுதியாகச் சொல்ல முடிந்ததும் அடுக்கடுக்காகத் தோண்டிப் பார்த்ததால்தான்.

அப்படியென்றால், நம் புட்டியில் இருக்கும் 37 மணிகளுக்கும் அடுக்கு இல்லை, செந்தில். உன் மேல் தவறில்லை; உனக்கு அப்போது ஒன்பது வயது. நான்தான் அவற்றைக் கழுவித் துடைத்து, மறுமுறை போகும்போது நிறையக் கொண்டுவா என்று சொன்னேன். மழைநீர் அரித்துக் கீழே கொண்டுவந்த மணிகள்தாமே என்று அப்பா என்னைத் தேற்றுகிறார். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் எந்தச் சரிவில் அரித்தது என்று தெரிந்தால்கூட அதற்கு மேலே என்ன புதைந்திருக்கக்கூடும் என்று ஆராய்கிறவர்கள் யோசிக்கலாம் என்று, கூட்டம் முடிந்து நான் அருகில் போய்க் கேட்டபோது அந்தப் பெரியவர் சொன்னார். கடிந்துகொள்ளவில்லை, இடத்தை எழுதி வைத்து, மணிகளை அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள் என்றார்.

அவை உன்னுடையவை என்பதால் உன்னைக் கேட்காமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீ சம்மதித்தால் பாரதி பூங்காவுக்கு அருகில் உள்ள அருங்காட்சியகத்துக்கு நானும் அப்பாவும் எடுத்துப் போகிறோம். அதற்கு முன் நினைவில் இருப்பதையெல்லாம் எழுதி அனுப்பு: எந்த மாமரத்துப் பக்கம், பழைய செங்கல் சுவருக்கு வடக்கிலா தெற்கிலா, ஆற்றுத் தண்ணீர் அன்று எதுவரை ஏறியிருந்தது, ஒரே நாளில் பொறுக்கியவையா அல்லது பல நாளிலா. அந்த இரண்டு பச்சை மணிகளும் ஒரே இடத்தில்தான் கிடைத்தன என்று நீ அன்று சொன்னதாக எனக்கு நினைவு. அது சரிதானா என்றும் எழுது.

அன்புடன்,
அம்மா