லங்காவிக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

மலேசிய தின விடுமுறைக்குத் தோழிகளோடு லங்காவி போகிறாய் என்று அம்மா சொன்னாள். தாராளமாகப் போய் வா. கழுகுச் சிலை, கேபிள் கார் எல்லாம் எல்லாரும் பார்ப்பதுதான். தெலாகா துஜோ அருவிக்கு மட்டும் அரை நாளாவது ஒதுக்குங்கள்.

மாட் சின்சாங் மலையிலிருந்து இறங்கும் ஓடை, பாறையில் ஏழு குளங்களாகத் தேங்கி, ஒன்று நிரம்பி அடுத்ததில் வழிகிறது. கடைசிக் குளத்துக்கு அப்புறம் அருவி, ஏறக்குறைய 90 மீட்டர். வழியில் பாதை பிரியும். பாதிப் பேர் அருவியின் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் மேலே ஏறுங்கள். படிகள் அறுநூறுக்கு மேல் இருக்கும், முட்டி கெஞ்சும். ஆனால் அந்தத் தண்ணீரில் காலை விட்டதும் ஏறிய களைப்பெல்லாம் போய்விடும். சிறுசுகள் பாறையில் உட்கார்ந்தபடியே ஒரு குளத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும். தேவதைகள் குளிக்க வரும் இடம் என்று மலாய்க்காரர்கள் கதை சொல்வார்கள். தலைக்குத் தேய்க்க எலுமிச்சையும் சிந்தோக்கும் வைத்திருந்தார்களாம், நமக்குச் சீயக்காய் மாதிரி.

நீயும் வழுக்கி விளையாடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. மேல் குளங்களோடு நிறுத்திக்கொள், அவ்வளவுதான். விளிம்புப் பக்கம் பாறையில் பாசி இருக்கும். அங்கே நின்று செல்ஃபி எடுக்க யார் கூப்பிட்டாலும் போகாதே.

செப்டம்பர் அங்கே மழைக்காலம். அருவி பார்க்க அதுதான் நேரம், ஜனவரி, பிப்ரவரியில் போனால் பாறைதான் அதிகம் தெரியும். ஆனால் கெப்பாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம், வருவதும் மழைக்காலத்தில்தான். உச்சியில் கொட்டும்போது கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. 2021 ஆகஸ்டில் ஜெராய் மலைத் தண்ணீர் யான், மெர்போக் ஊர்களில் என்ன செய்தது என்று நீயே பார்த்தாய். மரமும் பாறையும் சேர்ந்தல்லவா வந்தன! தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கூடினாலோ, துண்டு, செருப்பு எதையும் தேடாமல் கரையேறிவிடுங்கள். மேலே மேகம் கறுத்திருந்தால் அன்றைக்குக் குளியலே வேண்டாம், மறுநாள் காலையில் போங்கள்.

குரங்குகள் வேறு. பிளாஸ்டிக் பை சரசரத்தாலே ஓடி வரும், நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். தண்ணீர் பாட்டிலைக்கூடப் பைக்குள்ளே போட்டு ஜிப்பை இழுத்துவிடு.

கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் கோல கெடாவில் ஃபெர்ரி பிடிக்கலாம். கடல் கொஞ்சம் ஆட்டும், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதே. திரும்பும்போது பீடோங்கில் இறங்கி நம் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போ. அம்மா மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரம் ஒன்று கேட்கிறாள், லங்காவியில் வரி இல்லை அல்லவா. பெரியதாக வாங்காதே, அவ்வளவு தூரம் நீதான் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

அப்பா