ஓடியும் எடை குறையவில்லையா?

ஆசிரியருக்கு,

பூங்காக்களில் காலையில் ஓடுவோர் கூட்டம் பெருகியிருப்பது நல்லதுதான். 'ஓடியும் எடை குறையவில்லை' என்ற புலம்பலும் கூடவே வருகிறது. ஒரு கி.மீ. ஓடினால், உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1 கலோரி செலவாகும். 80 கிலோ உள்ளவர் 5 கி.மீ. ஓடினால் 400. ஓடிய கையோடு நெய்ப் பொங்கல், வடை, சர்க்கரை போட்ட காபி என்று உட்கார்ந்தால் அது வட்டியோடு திரும்பிவிடும்.

முதல் நாளே 5 கி.மீ. ஓடத் துடிப்பவர்கள் சீக்கிரமே முன்னங்கால் எலும்பு வலியோடு நின்றுவிடுகிறார்கள். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இப்படி 8 முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று தொடங்கினால் போதும். ஓடும்போது பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

சாதத்தை அறவே விட வேண்டியதில்லை. தட்டில் பாதி காய், கால் பங்கு சாதம், மீதியில் பருப்பு, முட்டை அல்லது மீன்.

குறைத்த எடையைக் காப்பதுதான் பெரும்பாடு. 80 கிலோவிலிருந்து 10 கிலோ குறைந்தவருக்கு அதே 5 கி.மீ.க்கு 350 கலோரிதான் செலவாகும். சும்மா இருக்கும்போதும் உடலின் தேவை குறைந்திருக்கும், பசியோ கூடியிருக்கும். தசை கரையாமலிருக்க வாரம் இருமுறை ஸ்குவாட், புஷ்-அப் அவசியம். வாரம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். 2 கிலோ ஏறியதுமே சாப்பாட்டு அளவைச் சரிசெய்யுங்கள். இன்சுலின் போடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஓடத் தொடங்கக் கூடாது. ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கிவிடக்கூடும்.

- ஓட்டப் பயிற்சியாளர்கள், கோவை